இரண்டே மூலக்கூறு தடிமன்... 120 நாள் ஆயுள்! - சிவப்பணுவைக் காக்கும் கொழுப்பு உறையின் கதை

சாம்பார் வைத்த பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றினால், மேலே எண்ணெய் மெல்லிய படலமாக மிதக்கும். எல்லோர் வீட்டிலும் தினமும் நடப்பதுதான். யாரும் அதை நின்று பார்ப்பதில்லை.

ஒருவர் பார்த்தார். ஆக்னஸ் பொக்கெல்ஸ் என்று பெயர். 1880-களில் ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் நகரில் வாழ்ந்த இளம்பெண். பெண்களுக்குப் பல்கலைக்கழகக் கதவு திறக்காத காலம் அது. தம்பி இயற்பியல் படிக்கப் போனார். அக்கா வீட்டில் இருந்து, உடல்நலம் குன்றிய பெற்றோரைக் கவனித்துக்கொண்டார். வீட்டு வேலைக்கு நடுவே, எண்ணெயும் சோப்பும் பட்டதும் நீரின் மேற்பரப்பு மாறுவது அவர் கண்ணில் பட்டது. தகரத் தொட்டி ஒன்றில் விளிம்பு வரை நீர் நிரப்பி, குறுக்கே ஒரு தகரப் பட்டையை வைத்து நகர்த்திப் பார்த்தார். எண்ணெய்ப் படலம் எவ்வளவு இடம் பிடிக்கிறது, எந்த இடத்தில் நெருக்கிப் பிடித்துக்கொண்டு எதிர்க்கிறது என்று அளந்து குறித்து வைத்தார். 1891-ல் அந்தக் கணக்கையெல்லாம் ஒரு கடிதமாக எழுதி இங்கிலாந்து விஞ்ஞானி ராலே பிரபுவுக்கு அனுப்பினார். அவர் அதை 'நேச்சர்' இதழில் வெளிவரச் செய்தார்.

அந்தத் தொட்டியை அமெரிக்காவின் இர்விங் லாங்மியூர் மேலும் செம்மைப்படுத்தினார். இத்துறை ஆய்வுகளுக்காக 1932-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அதே ஆண்டில், 70 வயதான பொக்கெல்ஸுக்கு அவருடைய ஊர்ப் பல்கலைக்கழகம் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது.

இதற்கும் ரத்தத்துக்கும் என்ன சம்பந்தம்? ரத்தச் சிவப்பணுவின் உறை எதனால் ஆனது என்ற கேள்விக்கு முதல் விடை இந்தத் தொட்டியில்தான் கிடைத்தது.

உள்ளே ஒன்றுமில்லாத பை

விரலில் ஊசி குத்தினால் எட்டிப் பார்க்கும் ஒரு சொட்டு ரத்தத்தில் ஏறத்தாழ 25 கோடி சிவப்பணுக்கள் இருக்கும். ஒவ்வொன்றின் குறுக்களவும் ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்கைவிடக் குறைவு. நடுவில் அமுங்கிய உளுந்து வடை போன்ற வடிவம்.

உடலின் மற்ற பெரும்பாலான செல்களுக்கு உட்கரு உண்டு. உள்ளே பல சிறு அறைகளும் அவற்றுக்குத் தனித்தனிச் சவ்வுகளும் உண்டு. மனிதனின் முதிர்ந்த சிவப்பணுவுக்கு இவை எதுவும் இல்லை. எலும்பு மஜ்ஜையில் உருவாகும்போதே உட்கருவை வெளியே தள்ளிவிடும். பிறகு மிஞ்சுவது, ஹீமோகுளோபின் நிறைந்த ஒரு பை மட்டுமே. அதனால் சிவப்பணுவிலிருந்து எடுக்கும் கொழுப்பு அத்தனையும் அந்த ஒரே ஒரு உறையிலிருந்து வந்ததாகத்தான் இருக்க முடியும்.

நெதர்லாந்தின் லைடன் நகரில் இதைப் பயன்படுத்திக்கொண்டவர் எவர்ட் கோர்ட்டர். குழந்தை நல மருத்துவர். உடன் வேலை பார்த்தவர் ஃபிரான்சுவா கிரெண்டல். மனிதன், நாய், ஆடு, முயல், கினிப் பன்றி என்று பல உயிர்களின் ரத்தத்தை எடுத்தார்கள். சிவப்பணுக்களை எண்ணினார்கள். ஒரு அணுவின் மேற்பரப்பு எவ்வளவு என்று கணக்கிட்டு, மொத்தப் பரப்பைக் கண்டுபிடித்தார்கள். பிறகு அசிட்டோனைக் கொண்டு அந்த அணுக்களின் கொழுப்பைப் பிரித்தெடுத்து, லாங்மியூர் தொட்டியில் நீரின் மேல் ஒற்றை மூலக்கூறுப் படலமாகப் பரப்பினார்கள்.

படலத்தின் பரப்பு, சிவப்பணுக்களின் பரப்பைப்போல இரண்டு மடங்கு இருந்தது. அப்படியென்றால் சிவப்பணுவைச் சுற்றியிருக்கும் கொழுப்பு ஓர் அடுக்கு அல்ல, இரண்டு. 1925-ல் இதை வெளியிட்டார்கள். இன்று பள்ளிப் பாடப்புத்தகத்தில் இருக்கும் செல் சவ்வுப் படத்துக்கு அந்த ஆய்வுதான் அடித்தளம்.

இரண்டு தவறு சேர்ந்து ஒரு சரி

இந்தக் கதையில் ஒரு வேடிக்கை உண்டு. கோர்ட்டரும் கிரெண்டலும் செய்த கணக்கு தவறு. ஒரு தவறு அல்ல, இரண்டு.

1966-ல் அமெரிக்க விஞ்ஞானிகள் அதே சோதனையைத் திரும்பச் செய்தபோது அது தெரியவந்தது. அசிட்டோன் முழுக் கொழுப்பையும் எடுப்பதில்லை. 70 முதல் 80 சதவீதம்தான் வருகிறது. அதாவது, கொழுப்பைக் குறைவாக எடுத்திருந்தார்கள். இன்னொரு பக்கம், காய்ந்துபோன அணுக்களை அளந்ததால், ஒரு சிவப்பணுவின் பரப்பு சுமார் 100 சதுர மைக்ரோமீட்டர் என்று முடிவு கட்டியிருந்தார்கள். ஈரமாக இருக்கும்போது அது 140-ஐத் தாண்டும். ஆக, பரப்பையும் குறைவாக எடுத்திருந்தார்கள். இரண்டு குறைகளும் ஒன்றையொன்று ஈடுகட்டி, விடை சரியாக வந்துவிட்டது!

சரியாகச் செய்த அளவீட்டில் படலத்தை எவ்வளவு நெருக்குகிறோம் என்பதைப் பொறுத்து விகிதம் இரண்டிலிருந்து 1.3 வரை மாறியது. காரணம், உறையில் கொழுப்பு மட்டும் இல்லை. இடையிடையே புரதங்களும் இடம் பிடித்திருக்கின்றன. ஆனால், 'இரண்டு அடுக்கு' என்ற அடிப்படை அசையவில்லை. வேறு பல வழிகளில் அது உறுதியாகிவிட்டது.

வளையும், ஆனால் இழுபடாது

உறையில் இருக்கும் பாஸ்போ கொழுப்பு மூலக்கூறு ஒவ்வொன்றுக்கும் ஒரு தலை, இரண்டு வால். தலைக்கு நீர் பிடிக்கும், வாலுக்குப் பிடிக்காது. ரத்தமும் நீர், அணுவின் உள்ளேயும் நீர். இரண்டு பக்கமும் நீர் இருக்கும்போது என்ன செய்வது? இரண்டு வரிசையாக நின்று, வால்களை நடுவில் மறைத்துக்கொண்டு, தலைகளை இரு பக்கமும் நீட்டிக்கொள்கின்றன. யாரும் தைக்க வேண்டாம், ஒட்ட வேண்டாம். தானாகவே அமைந்துவிடும்.

இந்த உறையின் தடிமன் சுமார் 5 நானோமீட்டர். 20,000 உறைகளை அடுக்கினால் ஒரு தாளின் தடிமன் வரும்.

சிவப்பணு உடலை ஒரு சுற்று சுற்றிவர ஏறக்குறைய ஒரு நிமிடம் ஆகிறது. அதன் ஆயுள் 120 நாள். ஆயுள் முழுவதும் 1.7 லட்சம் சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் தன் அகலத்தைவிடக் குறுகலான நுண்குழாய்களில் நுழைந்து வெளியே வரவேண்டும். மண்ணீரலில் இருக்கும் இடுக்குகள் அதைவிடக் குறுகலானவை.

இதைத் தாங்கும் ரகசியம், உறை தளர்வாக இருப்பதுதான். உள்ளே இருக்கும் சரக்கை மூட எவ்வளவு உறை தேவையோ, அதைவிடச் சுமார் 40 சதவீதம் கூடுதலாக இருக்கிறது. காற்று பாதி இறங்கிய பந்துபோல எப்படி வேண்டுமானாலும் மடங்கும். உள்பக்கம் ஸ்பெக்ட்ரின் என்ற புரதம் வலைபோலப் பின்னி அதைத் தாங்கிப் பிடிக்கிறது. ஆனால், உறையை இழுத்து நீட்ட முடியாது. பரப்பு சில சதவீதம் கூடினாலே கிழிந்துவிடும். வயதாக ஆக உறை துளித்துளியாக உதிர்ந்து தளர்வு குறையும்போது, மண்ணீரலின் இடுக்கில் அணு சிக்கிக்கொள்ளும்.

நாகத்தின் நஞ்சு சொன்ன உண்மை

எம்பிராய்டரி போட்ட ரவிக்கைக்கு வெளிப்பக்கம் பூ. உள்பக்கம் முடிச்சும் நூலும். ஒரே துணிதான், ஆனால் இரண்டு முகம். சிவப்பணுவின் உறையும் அப்படித்தான் என்று 1970-களின் தொடக்கத்தில் தெரிந்தது.

இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் மார்க் பிரெட்சர், உறையைத் தாண்டி உள்ளே போக முடியாத ஒரு ரசாயனத்தைச் சிவப்பணுக்களோடு சேர்த்தார். முழு அணுவில், குறிப்பிட்ட சில கொழுப்புகள் அந்த ரசாயனத்தின் கையில் அகப்படவே இல்லை. அணுவை உடைத்து, ஹீமோகுளோபினை வெளியேற்றிய வெற்று உறையில் சோதித்தபோது, அதே கொழுப்புகள் அகப்பட்டன. (வெளிறிப்போன அந்த வெற்று உறைகளை விஞ்ஞானிகள் 'பேய்' என்றே அழைக்கிறார்கள்!) அந்தக் கொழுப்புகள் உள்பக்க அடுக்கில் ஒளிந்திருந்தன என்று 1972-ல் அவர் எழுதினார்.

நெதர்லாந்தின் உத்ரெக்ட் நகரில் வான் டீனன் குழுவினர் நாகப் பாம்பின் நஞ்சைத் துணைக்கு அழைத்தார்கள். அந்த நஞ்சில் கொழுப்பை வெட்டும் நொதி ஒன்று இருக்கிறது. அதைப் பிரித்தெடுத்து, இன்னொரு நொதியோடு சேர்த்துச் சிவப்பணுக்களில் விட்டார்கள். உறையின் பாஸ்போ கொழுப்பில் கிட்டத்தட்ட பாதி வெட்டுப்பட்டது. அணு உடையவில்லை. வெட்டுப்பட்டது வெளி அடுக்கு. தப்பியது உள் அடுக்கு.

இப்படிப் பல சோதனைகளில் கிடைத்த படம் இதுதான்: பாஸ்படிடைல்கோலின், ஸ்பிங்கோமைலின் என்ற இரண்டு கொழுப்புகள் பெரும்பாலும் வெளி அடுக்கில் இருக்கின்றன. பாஸ்படிடைல்எத்தனாலமைன் பெரும்பாலும் உள் அடுக்கில். நான்காவதான பாஸ்படிடைல்செரின் மட்டும் தனி ரகம். அது ஏறக்குறைய முழுவதும் உள்பக்கம்தான் இருக்கும். வெளியே தலைகாட்டவே கூடாது.

காட்டினால்?

வாசலில் நிற்கும் காவலாளி

பாஸ்படிடைல்செரின் வெளியே வந்தால், 'என்னை விழுங்கிவிடு' என்று அர்த்தம். முதுமையடைந்த, சேதமடைந்த செல்களை உடல் அடையாளம் காணும் வழிகளில் இது முக்கியமானது. மண்ணீரலிலும் கல்லீரலிலும் காத்திருக்கும் விழுங்கு செல்கள், இந்தக் கொழுப்பைத் தொட்டு உணர்ந்ததும் அந்த அணுவை அப்படியே விழுங்கி, இரும்பைப் பிரித்து மறுபயன்பாட்டுக்கு அனுப்பிவிடும். நொடிக்கு 20 லட்சத்துக்கும் அதிகமான சிவப்பணுக்கள் இப்படி விடைபெறுகின்றன. அதே எண்ணிக்கையில் புதியவை பிறக்கின்றன.

அதுவரை அதை உள்ளேயே வைத்திருப்பது யார்? கொழுப்பு மூலக்கூறுகள் தங்கள் அடுக்கில் பக்கவாட்டில் சதா ஓடிக்கொண்டே இருக்கும். ஆனால், ஓர் அடுக்கிலிருந்து மறு அடுக்குக்குத் தானாகத் தாவுவது அபூர்வம். அப்படியும் தப்பி வெளியே போனதைப் பிடித்து உள்ளே தள்ள ஒரு காவலாளி உண்டு. பாரிஸில் மிஷல் செனியூரே, ஃபிலிப் தெவோ ஆகிய இருவரும் 1984-ல் சிவப்பணுவில் இதைக் கண்டுபிடித்தார்கள். ஃபிளிப்பேஸ் என்று இதற்குப் பெயர். சும்மா வேலை செய்யாது. செல்லின் எரிபொருளான ஏ.டி.பி-யைச் செலவழித்துத்தான் வேலை செய்யும்.

ஸ்க்ராம்ப்ளேஸ் என்று இன்னொன்றும் உண்டு. அது சாதாரணமாகத் தூங்கிக்கொண்டிருக்கும். செல்லுக்குள் கால்சியம் அளவு எகிறும்போது விழித்துக்கொண்டு, இரண்டு அடுக்குகளையும் சீட்டுக்கட்டைப்போலக் கலைத்துவிடும். அதே கால்சியம் ஃபிளிப்பேஸின் கையைக் கட்டிப்போடும். உள்ளே இருந்தது வெளியே வந்துவிடும்.

இது எப்போதும் கெடுதல் என்று நினைக்க வேண்டாம். காயம் பட்டால் ரத்தம் உறைய வேண்டும். அதற்கு ரத்தத்தட்டுகள் பாஸ்படிடைல்செரினை வேண்டுமென்றே வெளியே காட்டும். உறைதலுக்குத் தேவையான புரதங்கள் அந்தக் கொழுப்பின் மேல்தான் வந்து அமர்ந்து வேலை செய்யும். ஸ்காட் சிண்ட்ரோம் என்ற மிக அரிய நோயில் இது நடக்காது. ரத்தக் கசிவு நிற்காது. டி.எம்.இ.எம்.16எஃப் என்ற புரதத்தில் உள்ள பழுதே அதற்குக் காரணம் என்று 2010-ல் ஜப்பானின் ஷிகெகாஸு நகாட்டா குழு கண்டறிந்தது. ஒரே கொழுப்பு, தட்டணுவில் சரியான நேரத்தில் வெளிவந்தால் உயிர் காக்கும். சிவப்பணுவில் நேரம் தவறி வெளிவந்தால் ஆபத்து.

நீலகிரியில் கண்ட அரிவாள்

நேரம் தவறி வெளிவருவதை அரிவாள் செல் நோயில் பார்க்கலாம். ஹீமோகுளோபினில் ஒரே ஓர் அமினோ அமிலம் மாறியிருப்பதால் வரும் பரம்பரை நோய் இது. ஆக்சிஜன் குறையும்போது ஹீமோகுளோபின் கம்பிபோல நீண்டு, வடையாக இருந்த அணுவை அரிவாளாக வளைத்துவிடும். ஆக்சிஜன் கிடைத்ததும் பழைய வடிவத்துக்குத் திரும்பும். மறுபடி வளையும். இப்படி வளைந்து நிமிர்ந்து, வளைந்து நிமிர்ந்து உறை நைந்துபோகிறது. கால்சியம் உள்ளே கசிகிறது. காவல் குலைந்து, ஒரு பகுதி அணுக்களில் பாஸ்படிடைல்செரின் வெளியே வந்துவிடுகிறது.

அதன்பின் நடப்பவை சங்கிலித்தொடர். அந்த அணுக்கள் ரத்தக்குழாய்ச் சுவரில் ஒட்டிக்கொள்ளும். ரத்தம் உறையும் போக்கு அதிகரிக்கும். 120 நாள் வாழவேண்டிய அணு 10 முதல் 20 நாளில் அழிந்துவிடும். ரத்தசோகையும், நுண்குழாய் அடைபடும்போதெல்லாம் தாங்க முடியாத வலியும் நோயாளியின் வாழ்க்கையாகிவிடும்.

இந்தியாவில் அரிவாள் செல் மரபணு இருப்பது 1952-ல் முதன்முதலாக அறிவியல் உலகுக்குத் தெரிந்தது நீலகிரி மலையின் பழங்குடியினரிடம்தான். ஹெர்மன் லீமன், மேரி கட்புஷ் இருவரும் அதைப் பதிவு செய்தார்கள். பிறகு மத்திய இந்தியா, குஜராத், ஒடிசா என்று பல பகுதிகளில் அது பரவியிருப்பது தெரிந்தது. 2047-க்குள் இந்த நோயை ஒழிக்கும் இலக்கோடு 2023 ஜூலையில் தேசியத் திட்டம் தொடங்கப்பட்டது. 40 வயது வரையிலான 7 கோடிப் பேரைப் பரிசோதிப்பது அதன் நோக்கம்.

பரிசோதனை ஏன் முக்கியம்? பெற்றோரில் ஒருவரிடமிருந்து மட்டும் இந்த மரபணு வந்தால், பொதுவாக நோய் தெரியாது. அப்படி மரபணுவைச் சுமக்கும் இருவர் திருமணம் செய்துகொண்டால், ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வர 25 சதவீத வாய்ப்பு உண்டு. ஒரு சின்ன ரத்தப் பரிசோதனை இதை முன்கூட்டியே சொல்லிவிடும்.

தட்டில் இருப்பது உறையில்

சிவப்பணுவால் புதிதாகக் கொழுப்பைத் தயாரிக்க முடியாது. சுற்றியிருக்கும் ரத்த நீரோடு கொடுக்கல் வாங்கல் செய்துதான் உறையைப் பராமரிக்கிறது. அதனால் சாப்பாட்டுத் தட்டில் இருப்பது, சில வாரங்களில் உறையில் எதிரொலிக்கும். மீன்களில் கிடைக்கும் ஒமேகா-3 கொழுப்பு இதற்கு நல்ல உதாரணம். சிவப்பணு உறையின் கொழுப்பு அமிலங்களில் அதன் பங்கு எத்தனை சதவீதம் என்பதை இதய ஆரோக்கியத்தின் ஓர் அடையாளமாகக் கொள்ளலாம் என்று வில்லியம் ஹாரிஸ், கிளெமென்ஸ் வான் ஷாக்கி ஆகியோர் 2004-ல் முன்வைத்தார்கள். 8 சதவீதமும் அதற்கு மேலும் நல்லது. 4-க்குக் கீழே குறைவு என்பது அவர்கள் வகுத்த அளவு. மூன்று மாதச் சர்க்கரையைச் சொல்லும் ஹெச்.பி.ஏ1சி பரிசோதனைபோல, இதுவும் நேற்றைய சாப்பாட்டை அல்ல, சில மாதப் பழக்கத்தைச் சொல்கிறது.

கல்லீரல் கடுமையாகப் பழுதானால், கொலஸ்ட்ரால் உறையில் அளவுமீறிச் சேர்ந்து, அணுவின் உடலெங்கும் முட்கள் முளைத்ததுபோல ஆகிவிடுவதும் உண்டு. அந்த அணுக்களை மண்ணீரல் சீக்கிரமே அழித்துவிடும்.

ரத்த வங்கியிலும் இதே உறைதான் கவலை. தானமாகக் கிடைத்த சிவப்பணுக்களை 2 முதல் 6 டிகிரி செல்சியஸில், சேர்க்கும் கரைசலைப் பொறுத்து 35 அல்லது 42 நாள் வரை வைத்திருக்கலாம். குளிரில் ஏ.டி.பி குறையும், வடை வடிவம் மாறி விளிம்பில் முட்கள் தோன்றும், உறை துளித்துளியாக உதிரும். காலாவதி தேதிக்குப் பின்னால் இருக்கும் காரணங்களில் இதுவும் ஒன்று.

நூறு ஆண்டுக்குப் பின் ஒரு திருத்தம்

கோர்ட்டரும் கிரெண்டலும் ஆய்வை வெளியிட்டுச் சரியாக நூறாவது ஆண்டு 2025. அந்த ஆண்டில் அதே சிவப்பணு, விஞ்ஞானிகளை மீண்டும் திரும்பிப் பார்க்க வைத்தது.

இரண்டு அடுக்கு என்றால், இரண்டிலும் பாஸ்போ கொழுப்பு மூலக்கூறுகள் ஏறக்குறையச் சம எண்ணிக்கையில் இருக்கும் என்றுதான் பெரும்பாலோர் நினைத்துவந்தார்கள். படம் வரைபவர்களும் அப்படியே வரைந்தார்கள். அமெரிக்காவின் இல்யா லெவெண்டால், கேண்டிஸ் லெவெண்டால், மில்கா டோக்டரோவா ஆகியோரின் குழு, மனிதச் சிவப்பணுக்களின் இரண்டு அடுக்குகளையும் தனித்தனியாகக் கணக்கெடுத்து 'செல்' இதழில் வெளியிட்டது. வெளி அடுக்கைவிட உள் அடுக்கில் 50 சதவீதத்துக்கும் மேல் அதிகப் பாஸ்போ கொழுப்பு இருந்தது!

ஒரே பரப்புள்ள இரண்டு அடுக்கு; ஒன்றில் ஆள் குறைவு. அப்படியானால் வெளி அடுக்கில் காலியாக இருக்கும் இடத்தில் யார் நிற்கிறார்கள்? கொலஸ்ட்ரால். மாரடைப்புப் பேச்சில் மட்டும் அடிபடும் அதே கொலஸ்ட்ரால்தான். சிவப்பணு உறையில் அது மற்றக் கொழுப்புகளுக்கு ஏறத்தாழச் சமமான எண்ணிக்கையில் இருக்கிறது. இரண்டு அடுக்குகளுக்கும் நடுவே மிக வேகமாகத் தாவக்கூடியது என்பதால், எந்தப் பக்கம் அதிகம் என்பதில் பல்லாண்டுகளாக வாக்குவாதம் இருந்தது. அது வெளிப்பக்கம் கூடுதலாக நின்று இடைவெளியை நிரப்புவதால்தான், சமமில்லாத இரண்டு அடுக்குகளும் கிழியாமல் சேர்ந்திருக்க முடிகிறது என்கிறது இந்த ஆய்வு.

பாடப்புத்தகங்களில் சவ்வின் படம் இன்னும் பழையபடியேதான் இருக்கிறது: மேலே ஒரு வரிசை வட்டங்கள், கீழே ஒரு வரிசை வட்டங்கள், இரண்டும் ஒரே எண்ணிக்கையில். அடுத்த பதிப்பில், கீழ் வரிசையில் இன்னும் சில வட்டங்களை நெருக்கி வரைய வேண்டியிருக்கும்.